பயம் வந்த நேரம்

பேருந்து நிலையத்தில் அவரை எல்லோரும் 'டைம்' என்றுதான் கூப்பிட்டார்கள். டைம்கீப்பர் என்று முழுதாகச் சொல்ல ஓட்டுநர்களுக்குப் பொறுமை இருந்ததில்லை. "டைம் எங்கப்பா?" என்று யாராவது கேட்டால் அங்கே ஒருவரும் கடிகாரத்தைக் காட்ட மாட்டார்கள். மூன்றாம் நடைமேடைக்குப் பக்கத்தில் இருந்த கண்ணாடி அறையைத்தான் காட்டுவார்கள். இருபத்தாறு வருடமாக அவருக்கு அந்த அறைதான். உள்ளே ஒரு மேசை, ஒரு மைக், சுவர்க் கடிகாரம், நீளமான ஒரு பதிவேடு. வண்டி எண், வந்த நேரம், புறப்பட்ட நேரம் எல்லாம் அதில் ஏறும். அவர் கையெழுத்துப் போட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுக்காமல் ஒரு வண்டியும் நகராது.

ஐம்பத்தோராவது வயதில் அந்தக் கையெழுத்து சிறுத்துக்கொண்டே வந்தது. வரியின் தொடக்கத்தில் ஒழுங்காக இருக்கும் எழுத்து, வரி முடிவதற்குள் கடுகு அளவுக்குப் போய்விடும். "என்ன டைம், எழுத்தா இது, எறும்பு வரிசையா?" என்று ஓட்டுநர்கள் கேட்டார்கள். அவரும் சிரித்தார். பிறகு வலது கை நடக்கும்போது வீசாமல் சும்மா தொங்கியது. சட்டைப் பொத்தான் போட ஐந்து நிமிடம் ஆனது. நரம்பு டாக்டர் அவரை விரல்களைத் தட்டச் சொன்னார், நடைவழியில் நடந்து திரும்பச் சொன்னார், கடைசியில் நடுக்குவாதம் என்றார்.

"மெதுவாத்தான் கூடும்" என்றார் டாக்டர். "ஆனா கூடும்."

அவர் அதை நன்றாகவே தாங்கிக்கொண்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். காலை எட்டு, மதியம் பன்னிரண்டு, மாலை நாலு, மறுபடி எட்டு என்று நாலு வேளை மாத்திரை. நேரம் தவறாமல் மாத்திரை போடுவதற்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. மணி பன்னிரண்டைத் தொட்டதும் மைக்கை அணைப்பார், ஒரு வாய் தண்ணீரோடு விழுங்குவார், மறுபடி மைக்கைப் போடுவார். கை நடுங்கினால் மேசைக்கு அடியில் தொடையோடு சேர்த்து அழுத்திக்கொள்வார். மூன்று வருடம் அப்படியே ஓடியது.

அவர் பயந்த சுபாவம் உள்ளவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு தடவை நிலையத்தின் கழிவறைப் பக்கம் தீப்பிடித்து, புகை நடைமேடைவரை வந்துவிட்டது. அவர் மைக்கில் குரலை ஏற்றாமல், வண்டி அறிவிப்பது போலவே ஒவ்வொரு நடைமேடையாகச் சொல்லி முந்நூறு பேரை வெளியே அனுப்பினார். கடைசியாகத்தான் தானும் வெளியே வந்தார். அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

அன்று மழையில்லை, கூட்டமில்லை. பதினொன்றரை வண்டி நாலாம் நடைமேடையில் நின்றது. ஓட்டுநர் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. சீட்டு வாங்க வந்தவன், "மாமா, அக்கா சாயங்காலம் வரச் சொல்லியிருக்கா. வீட்டுல இருப்பீங்கல்ல?" என்று கேட்டான். "எங்க போகப்போறேன், இருப்பேன்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவன் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான்.

அப்போதுதான் அது வந்தது. முதலில் வயிற்றுக்குள் ஒரு வெறுமை. படியிறங்கும்போது கடைசிப் படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து, அது இல்லாமல் போனால் ஒரு நொடி எப்படி இருக்குமோ அப்படி. ஆனால் அது ஒரு நொடியில் முடியவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது, உள்ளங்கை வேர்த்தது. இந்த வண்டி போய்ச் சேராது என்று அவருக்குத் தெரிந்தது. தோன்றியது என்று சொன்னால் சரியாக வராது, தெரிந்தது. தண்ணீர் நனைக்கும் என்று தெரிவது போல.

கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்தார். அவரால் ஓட முடியாது. குட்டிக் குட்டி அடியாக வைத்து, முன்னால் சாய்ந்தபடி, நகர ஆரம்பித்த வண்டிக்கு முன்னால் போய் இரண்டு கைகளையும் தூக்கி நின்றார். மைத்துனன் பிரேக்கை அழுத்திய வேகத்தில் உள்ளே நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள்.

"இறக்கு. எல்லாரையும் இறக்கு. வண்டி போகக் கூடாது."

"என்ன ஆச்சு மாமா?"

"பிரேக்கப் பாக்கச் சொல்லு."

நாற்பத்தெட்டு பேர் இறங்கி நின்றார்கள். வேலைக்கான நேர்காணலுக்குப் போக வேண்டிய ஒரு பெண் அழுதுகொண்டே யாருக்கோ போன் செய்தாள். பணிமனையிலிருந்து தலைமை மெக்கானிக் வந்தார். ஸ்பேனர் என்று பெயர் வாங்கியவர், டைமுக்கு நெடுநாள் நண்பர். டார்ச்சோடு வண்டிக்கு அடியில் அரைமணி நேரம் கிடந்துவிட்டு வெளியே வந்து கையைத் துடைத்தார். பிரேக், ஸ்டியரிங், டயர் எல்லாம் சரியாக இருந்தன. வண்டி பன்னிரண்டு பத்துக்குப் புறப்பட்டுப் போய், ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தது.

பன்னிரண்டே முக்கால் ஆனபோது பயம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, தான் என்ன காரியம் செய்தோம் என்று அவர் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கம் மட்டும் போகவில்லை.

கிளை மேலாளர் நல்ல பெண்மணி. கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். "உங்க மேல எனக்கு மரியாதை உண்டு சார். ஆனா நாளைக்கு இன்னொரு வண்டிய நிறுத்துனா நான் மேல என்ன பதில் சொல்றது? ரெண்டு மாசம் லீவுல இருங்க. அப்புறம் மருத்துவக் குழு பாத்துச் சொல்லட்டும்."

மைத்துனன் கதவைச் சாத்தவில்லை. நடைமேடையிலேயே சொன்னான். "குடிச்சிட்டு வண்டி எடுக்க வந்தவன மாதிரி எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுட்டீங்க மாமா." அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்கு வரவில்லை. அடுத்த பல வாரங்களும் வரவில்லை.

வீட்டில் இருந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தார். வீட்டில் பயத்துக்கு இடம் இன்னும் தாராளமாகக் கிடைத்தது. குழந்தைகள் இல்லாத வீடு. மனைவி காலை ஒன்பதுக்குக் கிளம்பிவிடுவாள். பதிவு அலுவலகத்துக்கு எதிரே அவளுக்கு ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை, இரண்டு இயந்திரம், ஒரு லேமினேஷன் மெஷின். அவள் கடையில் இருக்கும்போது அவர் கூப்பிடுவார்.

"கேஸ மூடினியா?"

"நீங்கதானே வீட்டுல இருக்கீங்க? போய்ப் பாருங்க."

"பாத்தேன். மூடித்தான் இருக்கு."

"அப்புறம் என்னங்க?"

"நீ சொன்னா நல்லா இருக்கும்."

"மூடிட்டேன்."

பத்து நிமிடம் கழித்து மாடிக் கதவு. பிறகு, அவள் சாலையைக் கடக்கும்போது பார்த்துக் கடந்தாளா. பிறகு, நேற்று வந்த இருமல் வெறும் இருமல்தானா. பக்கத்து வீட்டுக்காரர் மனதைத் தைரியமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். அதை எங்கே எடுத்து வைப்பது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. இன்னொருவர் மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்தார். மூச்சை எண்ண ஆரம்பித்தால் எண்ணிக்கை தவறிவிடுமோ என்று அதற்கும் ஒரு பயம் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்தில் கூட்டம். கடையில் வரிசை வாசல்வரை நின்றது. ஒரு இயந்திரத்தில் தாள் சிக்கிக்கொண்டிருந்தது. மனைவி போனை அணைத்து டிராயரில் போட்டாள். அவர் பதினோரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். மணி மூன்றரை. சட்டைப் பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கடைவரை வந்துவிட்டார். வாசல் தரையில், ஷட்டர் இறங்கி உட்காருகிற இரும்புப் பட்டைக்கு முன்னால் கால் நின்றுவிட்டது. பசை போட்டு ஒட்டியது போல. மேல் உடம்பு போகப் பார்க்கிறது, பாதம் வரவில்லை. உள்ளே அவள் முதுகு தெரிகிறது, அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். அப்படியும் நெஞ்சு அடித்துக்கொள்வது நிற்கவில்லை.

"ஐயா, உள்ள போங்க, இல்ல வழிய விடுங்க" என்றான் பின்னால் நின்றவன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கையிலிருந்த தாளை வைத்துவிட்டு வந்து, தன் வலது காலை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்கே நீட்டினாள். "என் கால மிதிக்காம தாண்டுங்க." சமதளத்தில் வராத பாதம், தாண்டுவதற்கு ஒன்று கிடைத்ததும் எழுந்தது. அவரை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு அவள் வேலையைத் தொடர்ந்தாள். முப்பது பக்கத்தைத் தப்பான பக்கத்தில் அடித்துவிட்டு எல்லாவற்றையும் கிழித்துப் போட்டாள்.

ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகுதான் பேசினாள். சத்தம் போடவில்லை.

"உங்க நோய்க்கு மாத்திரை இருக்கு. உங்க பயத்துக்கு நான்தான் மாத்திரையா? ஒரு நாளைக்கு எத்தனை வேளைங்க என்னை முழுங்குவீங்க?"

 மறுநாள் அவர் தன் போனைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை அவளிடம் கொடுத்தார். அவள் வாங்கவில்லை. "இதுவும் என்மேலதான் விழும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பயம் வருவதையும் போவதையும் தனியாகப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனர் வந்தார். சோப்புப் போட்டுத் தேய்த்தும் நகத்து ஓரம் கறுப்பாகவே இருந்தது. டீயைக் குடித்து முடிக்கும்வரை பணிமனைக் கதை பேசினார். பிறகு டம்ளரைக் கீழே வைத்தார்.

"வண்டியில கோளாறு இல்லேன்னு நான் எழுதிக் குடுத்தேன். அப்போ கோளாறு உன்கிட்டதான்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. எனக்கு அது உறுத்திக்கிட்டே இருக்கு. சரி, எப்ப வருது அது?"

"எப்ப வேணாலும் வருது."

"எப்ப வேணாலும்ங்கறது ஒரு பதிலாய்யா? ஓட்டுநருங்க இப்படித்தான் வந்து நிப்பாங்க. வண்டி அப்பப்ப இழுக்க மாட்டேங்குதும்பாங்க. அப்பப்பன்னா எப்ப? காலைல முதல் தடவ எடுக்கும்போதா, சூடானப்புறமா, மேடு ஏறும்போதா? அது தெரியாம நான் எதைக் கழட்டறது?"

"மனுஷன் என்ன இன்ஜினா?"

"இன்ஜினுக்கே இவ்வளவு கேக்கறோம். இருபத்தாறு வருஷம் ஊர் வண்டிக்கெல்லாம் நேரம் எழுதினவன் நீ. உன்னோடத எழுதினியா?"

அவர் எழுதவில்லை. எழுதலாம் என்று தோன்றவே இல்லை என்பதுதான் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அன்றே ஒரு தாளில் கோடு போட்டார். பயம் வந்த நேரம். போன நேரம். அப்போது செய்துகொண்டிருந்த வேலை. எதைப் பற்றிய பயம். கோடு நேராக வரவில்லை. மனைவியிடம் கொடுத்து, "இத நல்லா அடிச்சுக் குடுக்க முடியுமா?" என்று கேட்டார். அவள் தலைப்புகளைப் படித்தாள். சாயங்காலம் ஐம்பது தாள் அடித்துக்கொண்டு வந்தாள்.

மூன்று வாரம் எழுதினார். பயம் வந்துகொண்டிருக்கும்போதே எழுத வேண்டியிருந்ததால் எழுத்து இன்னும் சிறுத்துப்போனது. அவருக்கே படிக்க முடியவில்லை. மனைவி தாள்களைக் கடைக்கு எடுத்துப்போய் இரண்டு மடங்கு பெரிதாக்கினாள். அதுவும் போதாமல், பெரிதாக்கியதை மறுபடி பெரிதாக்கினாள். ஆளில்லாத மதியத்தில் கல்லாப் பலகைமேல் அவற்றை வரிசையாகப் பரப்பிப் பார்த்தாள். பார்த்ததும் அவளே போன் செய்தாள்.

"ஏங்க, கொஞ்சம் கடைக்கு வாங்க. பதறாதீங்க, நல்ல விஷயம்தான். மாத்திரை போட்டுட்டு வாங்க."

அவர் வந்ததும் முதல் பத்தியைத் தவிர மற்றதையெல்லாம் வெள்ளைத் தாளால் மறைத்தாள். "இத மட்டும் பாருங்க."

பதினொன்று பதினைந்து. மூன்று இருபது. ஏழு இருபத்தைந்து. பதினொன்று இருபது. மூன்று பத்து. பக்கம் பக்கமாக அதே மணிகள்தான். நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வேறு நேரங்கள் இருந்தன. மற்றபடி ஏதோ வழித்தட வண்டி போல, ஐந்து பத்து நிமிட வித்தியாசத்தில் வந்து போயிருந்தது.

"அடுத்த மாத்திரைக்கு முன்னாடி" என்றார் அவர்.

"போட்ட மாத்திரை தீர்ந்துபோற நேரம்" என்றாள் அவள்.

பிறகு கடைசிப் பத்தியைத் திறந்து பார்த்தார்கள். அதில் ஒழுங்கே இல்லை. ஒருநாள் கேஸ், ஒருநாள் அவள், ஒருநாள் செய்தியில் கேட்ட வெள்ளம், ஒருநாள் பக்கத்து வீட்டு நாய். பயம் முதலில் வந்திருக்கிறது. வந்து உட்கார்ந்துகொண்டு, காரணத்தைத் தேடிப் பிடித்திருக்கிறது. அவர் அந்தச் செவ்வாய்க்கிழமையை நினைத்தார். பதினொன்றரை வண்டி. நாலாம் நடைமேடையில் அந்த நேரத்துக்கு என்ன நின்றிருந்தாலும் அதை நிறுத்தியிருப்பார். ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். மிச்ச ஜெராக்ஸை வாங்க வந்த ஒருவரிடம் மனைவி, "அஞ்சு நிமிஷம் கழிச்சு வாங்க" என்றாள்.

டாக்டர் அந்தத் தாள்களைக் கொஞ்ச நேரம் படித்தார். வழக்கமாக அவசரப்படுகிறவர், அன்று அவசரப்படவில்லை.

"ஒவ்வொரு தடவையும் கை எப்படி இருக்கு, நடை எப்படி இருக்குன்னு கேட்டேன். பயம் இருக்கான்னு கேக்கல. நான் கேட்டிருக்கணும்."

"நான் சொல்லியிருக்கணும். இத நோய்னு நெனைக்கல, என் கோழைத்தனம்னு நெனைச்சேன்."

"மூளையில ஒரு ரசாயனம் கொறையறதாலதான் கை நடுங்குது. அதே குறைதான் சிலருக்கு இந்தப் பயத்தையும் கிளப்பி விடுது. மாத்திரையோட வேகம் இறங்கும்போது உங்களுக்குப் பயம் ஏறுது. எல்லாமே அதனாலன்னு சொல்ல மாட்டேன். பெரும்பங்கு அதனாலதான்." நாலு வேளையை ஐந்தாக்கி, இடைவெளியைக் குறைத்தார். பயத்துக்கென்று தனியாக ஒரு சின்ன மாத்திரை எழுதினார். அதே ஆஸ்பத்திரியின் மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார்.

"முழுசாப் போயிடுமா டாக்டர்?" என்று மனைவி கேட்டாள்.

"இல்லம்மா. குறையும்."

குறைந்தது. ஒரே நாளில் இல்லை. முதல் பத்து நாள் தலைசுற்றல் இருந்தது, பழைய மணி வந்ததும் உடம்பு பழக்கத்தில் காத்திருந்தது. ஆலோசகர் ஒரு கஷ்டமான வேலை கொடுத்தார். பயம் வந்தால் கேஸைப் போய்ப் பார்க்கக் கூடாது, யாரையும் கூப்பிட்டுக் கேட்கவும் கூடாது, வந்த நேரத்தை எழுதிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அது லேசான காரியமில்லை. ஒருநாள் அடுப்பங்கரை வாசல்வரை போய்த் திரும்பினார். ஒருநாள் திரும்பாமல் போய்ப் பார்த்துவிட்டு, அதையும் மறைக்காமல் எழுதினார். இரண்டு மாதத்தில், தினம் மூன்று தடவை என்றிருந்தது வாரத்துக்கு ஐந்தாறு என்று ஆனது.

மிச்சமிருந்த அந்த ஐந்தாறுதான் வேறு மாதிரி இருந்தது. அவை எந்த அட்டவணைக்கும் வரவில்லை. மனைவி தாள்களைப் பெரிதாக்கும்போது ஒரு வரியைப் படித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை, துவைத்த துணிகளை இருவரும் மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"புதன்கிழமை, காலைல ஒன்பது நாற்பது. 'ஒருநாள் இவள் என்னைக் குளிப்பாட்ட வேண்டியிருக்குமோ.' இது மாத்திரைக்கு முன்னாடி வந்ததில்ல."

"இல்ல. போட்டு ஒன்றரை மணி நேரந்தான் ஆச்சு."

"அப்போ இது நெஜப் பயம்."

"ஆமா."

அவள் ஒரு தலையணை உறையை மடித்தாள், பிரித்து மறுபடி மடித்தாள். "இதுக்கு நான் என்ன சொல்ல? அப்படியெல்லாம் ஆகாதுன்னு சொல்லவா?"

"வேண்டாம். டாக்டரே சொல்லல."

"ஆகும். ஆனா அந்த வேலைய நான் மட்டும் தனியா செய்ய மாட்டேன், ஆள் வெச்சுக்குவேன். இப்பவே சொல்லிட்டேன். எனக்கும் முதுகு இருக்கு."

அவர் சிரித்துவிட்டார். இத்தனை நாளாக யாரும் அவருக்குக் கொடுக்காத ஆறுதல் அந்தப் பேச்சில் இருந்தது. ஒருத்தி உட்கார்ந்து அதை யோசித்துப் பார்த்திருக்கிறாள், பார்த்த பிறகும் இங்கேயே துணி மடித்துக்கொண்டிருக்கிறாள்.

"எல்லாரும் உங்க பயத்தையே கேக்கறாங்க" என்றாள் அவள், துணியைப் பார்த்தபடியே. "டாக்டர், ஸ்பேனர் அண்ணன், அந்த ஆலோசகர். நானும்தான். என்னோடத யாரும் கேக்கல."

"உனக்கு எப்ப வருது?"

"நீங்க குளிக்கப் போனப்புறம். தண்ணிச் சத்தம் நிக்கும் பாருங்க, அப்போ. அடுத்த சத்தம் கேக்கற வரைக்கும் அடுப்புல இருக்கறது கருகினாக்கூடத் தெரியாது எனக்கு."

நான்கு வருடமாக அவள் தினமும் குளியலறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருக்கிறாள். அவருக்கு அது தெரியாது. மறுநாள் குளிக்கும்போது தண்ணீரை நிறுத்தியதும், தொண்டையைச் செருமிக்கொண்டு பழைய மைக் குரலில் அறிவித்தார். "பயணிகளின் கவனத்திற்கு. சோப்புப் போடும் பணி நடைபெறுகிறது. அடுத்ததாக முதுகு." அடுப்பங்கரையில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. பிறகு அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. தேய்ந்துகொண்டு வந்த அவர் குரலுக்கும் அது பயிற்சியானது.

மைத்துனன் விஷயம் பாக்கி இருந்தது. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் நிலையத்துக்குப் போய், டிக்கெட் எடுத்து, பதினொன்றரை வண்டியில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். மைத்துனன் கண்ணாடியில் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒன்றரை மணி நேரப் பயணம். ஆற்றுப்பாலத்தின்மேல் வண்டி ஏறியபோது அது வந்தது. நிறுத்து என்ற சொல் பல்லுக்குப் பின்னால்வரை வந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து மணியை எழுதினார். வண்டி குலுங்கலில் அது எழுத்தாகவே இல்லை.

அடுத்த நிறுத்தத்தில் மைத்துனன் இருக்கையிலிருந்து எழுந்து வந்தான். "வேர்த்திருக்கு. இறங்கணுமா மாமா?"

"இறங்கணும் போலத்தான் இருக்கு. நீ ஓட்டு."

 அவன் தன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு அவர் தாள்களைக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தார். மாத்திரை, நேரம், எல்லாம்.

"அக்கா சொன்னா" என்றான் அவன். "ரெண்டு மாசமாச் சொல்லிக்கிட்டுதான் இருக்கா. நான்தான் வீம்பு பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

"நீ வண்டி ஓட்டறதுமேல சந்தேகப்பட்டு நிறுத்தல மாப்ள. அத மட்டும் நேர்ல சொல்லணும்னு இருந்துச்சு."

"தெரியும். ஆனா ஒண்ணு. அன்னிக்கிலேர்ந்து நிலையத்த விட்டு வெளிய எடுக்கும்போதெல்லாம் ஒரு தடவ பிரேக்க மிதிச்சுப் பாத்துட்டுதான் போறேன். எனக்கும் ஒட்ட வெச்சுட்டீங்க."

நீட்டித்த விடுப்பும் முடிந்தபோது மருத்துவக் குழு அவரை வேலைக்குத் தகுதி என்றது. ஆனால் கையெழுத்துப் போடும் வேலை வேண்டாம் என்று அவரே எழுதிக் கொடுத்தார். ஒரு வண்டியை அனுப்பலாமா என்று முடிவு சொல்கிற இடத்தில் தான் உட்காரக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. அதைச் சொல்ல வருத்தமாக இருந்தது, அசிங்கமாக இல்லை. தலைமை அலுவலகத்தில் கால அட்டவணை போடும் பிரிவுக்கு மாற்றினார்கள். எந்த வண்டி எந்த மேட்டில் எத்தனை நிமிடம் தாமதிக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். இரண்டு விரலால் கணினியில் தட்டுகிறார். கண்ணாடி அறையில் இப்போது வேறொருவர் இருக்கிறார். அவருக்கு 'டைம்' என்ற பெயர் ஒட்டவில்லை என்று ஸ்பேனர் வந்து சொல்லிச் சிரித்தார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஆகிவிட்டது. டாக்டர் சொன்னது போலவே நோய் கூடியிருக்கிறது. கையில் தடி வந்துவிட்டது. மாத்திரை ஐந்து ஆறாகிவிட்டது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பயம் தன் நேரத்தை மாற்றிக்கொண்டு வருகிறது. சில வாரம் நல்ல வாரம். சில வாரம் பழையபடி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

புதன்கிழமை மதியம் மட்டும் மனைவி கடையைச் சாத்திவிடுவாள். போனையும் அணைத்துவிடுவாள். இருவரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. முதல் மாதம் எங்கே போகிறாள் என்று அவர் கேட்டார். "எங்கயோ" என்றாள். பிறகுதான் நகராட்சி நீச்சல் குளத்தில் சேர்ந்திருப்பதைச் சொன்னாள். ஐம்பது வயதில் நீச்சல் கற்க வந்தவள் அவள் ஒருத்திதான். பக்கத்தில் எல்லாம் பத்து வயதுப் பெண்பிள்ளைகள்.

போன புதன்கிழமை ஈரத்தலையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் போட்டு வைத்திருந்த டீயில் பாதி தட்டில் கொட்டியிருந்தது. அவள் தட்டிலிருந்ததை டம்ளரில் ஊற்றிக்கொண்டாள்.

"இன்னைக்கு எப்படி?" என்று கேட்டாள்.

"ரெண்டு தடவ வந்துச்சு. ஒண்ணு கொஞ்சம் மோசம்."

"என்ன பண்ணினீங்க?"

"உக்காந்திருந்தேன். அப்புறம் டீ போட்டேன். உனக்கு?"

"இன்னைக்கு ஆழமான பக்கம் விட்டாங்க. கீழ கால் எட்டல."

"பயமா இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்று அவள் டீயைக் குடித்தாள். "சர்க்கரை போட மறந்துட்டீங்க."

அவர் மேசையைப் பிடித்து எழுந்து, சர்க்கரை டப்பாவை எடுக்கப் போனார். அவள் எழவில்லை. அவர் போய்ச் சேரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.